முப்பத்தொரு ஜர்னல்

பொய்யான அளவீடு எழுதுவதில் எங்கள் வகுப்பிலேயே நான்தான் கெட்டிக்காரி. இப்போது சொல்லும்போது வாய் கசக்கிறது. அப்போது பெருமையாகத்தான் இருந்தது. பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி ஆண்டில் நாங்கள் முப்பத்தொரு பேர். ஒரே சோதனைக்கு முப்பத்தொரு பேருக்கும் தனித்தனியாக அளவீடு எழுதிக் கொடுக்க என்னால் முடியும். ஒருவருடையதைப் பார்த்து இன்னொருவர் எழுதியது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் செய்கிற சோதனைகளை எழுதி வைக்கும் நோட்டை இங்கே புனேயில் ஜர்னல் என்பார்கள். தமிழ்நாட்டில் ரெக்கார்டு நோட்டு என்று பெயராம். கருவியைப் பார்த்து எடுத்த எண்களை அட்டவணையில் எழுதி, கணக்குப் போட்டு, கடைசி விடையைக் கட்டம் கட்டிக் காட்டினால் ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். ஆண்டு முடிவில் துறைத் தலைவர் முதல் பக்கத்தில் ஒரு சான்று தருவார். இந்தச் சோதனைகளை எல்லாம் இந்த மாணவி தானே செய்தாள் என்று அதில் அச்சடித்திருக்கும். அந்தச் சான்று இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு அறைக்குள்ளேயே விடமாட்டார்கள்.

இதில் தொல்லை என்னவென்றால், எல்லாச் சோதனைக்கும் விடை பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எங்கள் கருவிகளோ நாங்கள் பிறப்பதற்கு முன்னால் வாங்கியவை. பாதரச விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கால்வனோமீட்டரின் முள் ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடக்கும். புத்தகத்து விடைக்குப் பக்கத்தில் வராத ஜர்னலில் கையெழுத்து விழாது. ஆகவே எல்லோரும் விடையை முதலில் எழுதிவிட்டு, அந்த விடை வருவதற்கு என்ன எண்கள் வேண்டுமோ அவற்றை அட்டவணையில் நிரப்புவார்கள். இதற்கு ‘அட்ஜஸ்ட்’ என்று பெயர். யாரும் இதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. லேபுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவதைப் போல இதுவும் ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

மற்றவர்கள் அட்ஜஸ்ட் செய்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் கோட்டின் மேலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும். உண்மையான அளவீடு அப்படி வராது. ஒன்று கொஞ்சம் மேலே போகும், ஒன்று கீழே இறங்கும், கை நடுங்கிய இடத்தில் ஒன்று நன்றாகவே விலகும். நான் அந்தத் தவறுகளையும் சேர்த்துப் போடுவேன். அதற்கு இயற்பியல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கருவி எங்கே எவ்வளவு தப்பு செய்யும் என்று தெரிந்தவளால்தான் அதைக் கற்பனையில் செய்ய முடியும். மூன்று வருடப் படிப்பில் பாதியை நான் இப்படித்தான் செலவழித்தேன்.

என் பெயர் ஜோசபின். அப்பா சவரிமுத்து கசார்வாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு முன்பே நெல்லைப் பக்கத்திலிருந்து இங்கே வந்துவிட்டவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். பள்ளியில் மராட்டி, வெளியில் ஹிந்தி, கல்லூரியில் ஆங்கிலம். தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு. கோபம் வந்தால் எனக்குத் தமிழில்தான் எழுத வருகிறது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பி.எஸ்ஸி. சேரும்போதே அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். “படிக்கணும்னா படி. யுனிவர்சிட்டில எடம் கெடச்சா மேலயும் படி. கெடைக்கலன்னா ரமேஷ் சொல்லுத எடத்துல, சாகண்ல போயி வேலைக்கு நில்லு. அதுக்குப் பொறவு என்கிட்ட வந்து அழப்படாது.” ரமேஷ் என் பெரியம்மா மகன். சாகணில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அங்கே பெண்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ரப்பர் வளையங்களைச் சரிபார்க்கிற வேலை. எனக்கு வேண்டியது அதுவல்ல. எனக்கு வேண்டியது எம்.எஸ்ஸி. இயற்பியலில் ஓர் இடம். நுழைவுத் தேர்வை நல்லபடியாக எழுதியிருந்தேன். கடைசி ஆண்டை ஒரு பேப்பரும் பாக்கி வைக்காமல் முடித்தால் இடம் உறுதி.

துறைத் தலைவர் சியாமளா மேடம் சென்னைக்காரர். முதல் ஆண்டில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் அப்பா பெயரைப் பார்த்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுத் தமிழா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து எனக்கு மட்டும் தமிழ், மற்ற முப்பது பேருக்கும் ஆங்கிலம். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் கல்லூரியில் மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்த ஆசிரியர், உறவுக்கார ஆசிரியர், அப்பாவின் நண்பரான ஆசிரியர் என்று யாராவது இருந்தார்கள். எனக்கு மேடம் இருந்தார். அவருடைய தமிழும் எங்கள் வீட்டுத் தமிழும் வேறு வேறுதான். ஆனாலும் தமிழ்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

திருத்த வேண்டிய ஜர்னல்களை ஔந்தில் இருக்கிற அவருடைய ஃபிளாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஹாலில் நின்றபடியே காபி குடித்துவிட்டு வருவேன். உட்கார் என்று அவர் சொன்னதாக நினைவில்லை. அப்போது அது எனக்குத் தோன்றவும் இல்லை.

நவம்பரில் எலக்ட்ரான் சோதனை வந்தது. எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் அதன் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணாடிக் குழாயின் திரையில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். மின்னழுத்தம் கொடுத்தால் புள்ளி நகரும். எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு நகர்ந்தது, அதைக் காந்தத்தால் எப்படிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம் என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டும். புத்தகத்தில் விடை 1.76 என்று ஆரம்பிக்கும், பின்னால் பத்தின் அடுக்கு பதினொன்று. எனக்கு 1.06 வந்தது. மறுபடி செய்தேன், 1.05. என்னோடு சேர்ந்து செய்த ஜெயந்துக்கும் அதேதான். ஜெயந்தின் அப்பா ஔந்தில் பெயர் பெற்ற வக்கீல். பையன் நல்லவன், ஆனால் சோம்பேறி.

மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். கருவியில் ஏதோ கோளாறு இருக்கும் போலிருக்கிறது என்று சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இப்படியே நான் கையெழுத்துப் போட முடியாதுடி. நீதான் கெட்டிக்காரியாச்சே. எல்லாருக்கும் சேத்து நீயே சரி பண்ணிக் குடுத்துடு.”

அதாவது முப்பத்தொரு பேருக்கும் பொய் அளவீடு தயார் செய்யும்படி துறைத் தலைவரே என்னிடம் சொன்னார். எனக்கு அது ஒரு பரிசு மாதிரி இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து முப்பத்தொரு அட்டவணை எழுதினேன். 1.72லிருந்து 1.79 வரை விடைகளைப் பரப்பி வைத்தேன். ஜெயந்துக்கு 1.77, எனக்கு 1.75. மேடம் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு நாளில் பத்து நிமிடத்தை ஒதுக்கி அந்தக் கருவியில் என்ன கோளாறு என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஏப்ரலில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ராஜ்வாடே சார், ஊருக்குள் வேறொரு கல்லூரியில் வேலை பார்ப்பவர். நாற்பது வயதிருக்கும். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து தேநீருக்குக் காத்திருக்கும் ரகம் இல்லை. மேசை மேசையாகப் போய்க் குனிந்து பார்த்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தபோது எனக்கு எலக்ட்ரான் சோதனை வந்தது. ஜெயந்த் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். முப்பத்தொரு விதமாக மனப்பாடமாய்த் தெரிந்த சோதனை வேறு யாருக்குக் கிடைக்கும்?

வழக்கப்படி சான்றுப் பக்கத்தைத் திறந்து ஜர்னலை மேசை மேல் வைத்துவிட்டு ஆரம்பித்தேன். நவம்பரில் எழுதிய எண்களையே இன்னும் கொஞ்சம் மாற்றி எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ராஜ்வாடே சார் நேராக என் மேசைக்கு வந்து நின்றார். முதல் அளவீட்டை அவரே குனிந்து பார்த்தார். மீட்டர் முப்பது வோல்ட் காட்டியது. அதை என் தாளில் எழுதச் சொல்லி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். இனி அட்ஜஸ்ட் செய்ய வழியில்லை. அந்த முப்பதை வைத்துக் கணக்குப் போட்டால் 1.06தான் வரும்.

அப்புறம்தான் முதல் தடவையாக அந்தக் கருவியை உண்மையாகவே பார்த்தேன். எங்கே தப்பு வர முடியும் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். காந்தத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. நீளங்களை மறுபடி அளந்தேன், சரியாக இருந்தன. மிச்சம் இருந்தது மீட்டர் ஒன்றுதான். லேப் அட்டெண்டர் இர்பான் பாயிடம் ஒரு மல்டிமீட்டர் கேட்டு வாங்கி, அதே இரண்டு முனைகளில் வைத்துப் பார்த்தேன். கருவியின் மீட்டர் முப்பது காட்டும்போது மல்டிமீட்டர் ஐம்பது காட்டியது. பதினைந்துக்கு இருபத்தைந்து. இருபத்து நான்குக்கு நாற்பது. எங்கே பார்த்தாலும் அதே விகிதம். யாரோ பொருந்தாத மீட்டர் ஒன்றை அதில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

திருத்திய எண்களைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். 1.77 வந்தது.

அந்த எண்ணை நான் எவ்வளவோ தடவை பொய்யாக எழுதியிருக்கிறேன். அது தானாக வந்தது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் நான் செய்த ஒரே இயற்பியல் அந்த ஒரு மணி நேரம்தான். கருவியின் அளவீடு, மல்டிமீட்டரின் அளவீடு, இரண்டு விடைகள், வித்தியாசத்துக்குக் காரணம் என்று எல்லாவற்றையும் பத்தி பிரித்து எழுதினேன். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்திலேயே திறந்து கிடந்த என் ஜர்னலை மறந்துபோனேன்.

ராஜ்வாடே சார் திரும்பி வந்து படித்தார். மல்டிமீட்டரைத் தானே வைத்துச் சரிபார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. மராட்டியில், இத்தனை வருடத்தில் ஒரு மாணவரும் தேர்வில் இதைச் செய்து தான் பார்த்ததில்லை என்றார். அப்புறம், இதே சோதனையை முன்னால் எப்படிச் செய்திருக்கிறாள் என்று பார்க்கிற ஆசையில்தான் ஜர்னலைப் புரட்டினார். நவம்பர் பக்கம் வந்தது. விடை 1.75. கீழே சியாமளா மேடத்தின் கையெழுத்து.

இந்த மீட்டரை வைத்துக்கொண்டு இந்த விடை எப்படி வந்தது என்று மெதுவாகக் கேட்டார். நான் ஜர்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவேளை மீட்டர் பிறகு கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு வழிவிடுவதுபோல இர்பான் பாயைக் கூப்பிட்டு, இது எப்போது மாற்றியது என்று விசாரித்தார். இர்பான் பாய் சூதுவாது தெரியாத மனிதர். பழையது எரிந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது சார், அப்போதே ஸ்டோரில் கிடந்த ஒன்றை மாட்டிவிட்டோம் என்றார். ராஜ்வாடே சார் மற்ற மேசைகளுக்குப் போய் ஒவ்வொரு ஜர்னலாக அதே பக்கத்தைத் திறந்து பார்த்தார். 1.72, 1.78, 1.74. நான் பரப்பி வைத்த வரிசைதான். முப்பது பேரும் என்னையே பார்த்தார்கள்.

சியாமளா மேடம் வந்தார். இருவரும் துறைத் தலைவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அரை மணி நேரம் கழித்து மேடம் மட்டும் வெளியே வந்து, என்னை இருட்டறைக்குள் கூப்பிட்டார். ஒளியியல் சோதனைகளுக்கான அந்த அறையில் சோடியம் விளக்கு ஒன்று மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“அவர் ரொம்பக் கோபமா இருக்கார்டி. மொத்த பேட்ச்சுக்கும் கேன்சல் பண்ணணுங்கறார். முப்பத்தோரு பேருக்கு ஒரு வருஷம் போயிடும். நீ மட்டும், எல்லாத்தையும் நான்தான் பண்ணேன், யாருக்கும் தெரியாதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு. அஞ்சு மார்க் குறைப்பார், அவ்ளோதான். அதை இன்டர்னல்ல நான் ஈடு கட்டிடறேன். என் மேல நம்பிக்கை இருக்கோல்லியோ?”

இருக்கிறது என்றேன். இருந்தது. மராட்டியில் சொல்லியிருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் யோசிக்க நேரம் கேட்டிருப்பேன். தமிழில் சொன்னதால் தலையை ஆட்டினேன். இதில் கொஞ்சம் வீரமும் கலந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. முப்பது பேரை நான் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு. ஜெயந்தும் மற்றவர்களும் நாளைக்கு என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்றுகூட நினைத்துப் பார்த்தேன்.

சோடியம் விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கடிதத்தை எழுதினேன். என்ன வர வேண்டும் என்று அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எல்லா அட்டவணைகளையும் நானே புனைந்தேன், சக மாணவர்களிடம் உண்மையானவை என்று சொல்லிக் கொடுத்தேன், ஆசிரியர்களை ஏமாற்றினேன். கடைசி வரியில் மட்டும் பேனா நின்றது. அதுவும் வேண்டும் என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ராஜ்வாடே சார் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மேடத்தின் முன்னாலேயே என்னைப் பார்த்து, இது நீயாக எழுதியதா என்று மராட்டியில் கேட்டார். “ஹோ, சர்” என்று ஆமோதித்தேன். உன்னிடம் இப்படிச் செய்யும்படி யாராவது சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கடிதத்தை மடித்துத் தேர்வுத் தாள்களோடு சேர்த்துக் கட்டினார்.

ஜூனில் முடிவு வந்தது. முப்பது பேரும் தேறிவிட்டார்கள். எனக்கு மட்டும் செய்முறைப் பேப்பர் ரத்து, முறைகேடு என்று குறிப்பு. அடுத்த ஏப்ரலில் மறுபடி எழுத வேண்டும். எம்.எஸ்ஸி. இடம் போய்விட்டது. மேடத்துக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு செய்தி அனுப்பினார். தான் எவ்வளவோ சொல்லிப் பார்த்ததாகவும், தேர்வாளர் மிகவும் கெடுபிடி என்றும், தைரியமாக இருக்கும்படியும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைத்தார்.

“நா வேணா நாளைக்கு லீவு போட்டுட்டு வாரேன். அந்த அம்மாவப் பாத்து ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருதேன்” என்றார்.

வேண்டாம் என்றேன். அப்பாவின் ஹிந்தி அரைகுறை, ஆங்கிலம் கிடையாது. நகக்கண்ணில் இருக்கும் எண்ணெய்க் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. கல்லூரி அலுவலகத்தில், அந்த நாற்காலிகளுக்கு முன்னால் அவர் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே சொன்ன காரணம் வேறு. நீங்கள் வந்தால் மேடத்துக்குச் சங்கடமாகிவிடும் அப்பா, அவர் நமக்காகத்தான் முயற்சி செய்துகொண்டிருக்கிறார் என்றேன். அப்பா சரி என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஜெயந்த் பேடா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவனுக்கு எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. செய்முறையில் அவனுக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். ஜர்னலுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை அவனே கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சியாமளா மேடம் இந்த மாதம் துணை முதல்வராகிவிட்டார் என்ற சேதியும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிளம்பும்போது, நீ ஏன் ராஜ்வாடே சாரையே போய்ப் பார்க்கக் கூடாது என்று கேட்டான். நீயும் வருகிறாயா என்றேன். தனக்கு விடுதி விஷயமாக அலைச்சல் இருக்கிறது என்றான். பேடா நன்றாகத்தான் இருந்தது. அம்மாதான் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார்.

ராஜ்வாடே சார் அவருடைய கல்லூரி லேபில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மொத்த பேட்ச்சுக்கும் ரத்து செய்யாமல் விட்டதற்கு நன்றி சார், ஆனால் ஐந்து மதிப்பெண்தான் போகும் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள் என்று ஆரம்பித்தேன். அவருக்கு நான் சொல்வது புரியவில்லை. யார் ரத்து செய்வதாகச் சொன்னது என்று கேட்டார்.

அதன் பிறகு அவர் சொன்னதை எல்லாம் நான் அந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அன்றைக்குத் துறைத் தலைவர் அறைக்குள் அவர் மேடத்திடம் சொன்னது வேறு. பிள்ளைகள் மேல் கை வைக்க வேண்டாம், கெட்டுப்போன கருவியை இரண்டு வருடமாக வைத்துக்கொண்டு முப்பத்தொரு ஜர்னலுக்குச் சான்று கொடுத்தது துறையின் தவறு, அதைப் பற்றி நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போகிறேன் என்றிருக்கிறார். எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது போட்டிருந்தாராம். மேடம், ஐந்து நிமிடம் கொடுங்கள், மாணவியிடம் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய், என் கடிதத்தோடு திரும்பி வந்திருக்கிறார். ஆசிரியர்களை ஏமாற்றினேன் என்று மாணவியே எழுதிக் கொடுத்த பிறகு துறையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? முறைகேடு என்று எழுத்தில் வந்துவிட்டால் பேப்பரை ரத்து செய்வதுதான் விதி. வேறு வழி இருக்கவில்லை என்றார்.

பிறகு, யார் எழுதச் சொன்னது என்று கேட்டார். இந்தத் தடவை சொன்னேன். நவம்பரில் நடந்தது, இருட்டறையில் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பினார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அந்த இருட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், எழுத்தில் இருப்பதோ என் கையெழுத்து ஒன்றுதான். நான் உன்னிடம் இரண்டு தடவை கேட்டேனே என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி மேடத்தைக் கூப்பிட்டேன். அம்மாவின் போன்தான் அன்று கையில் இருந்தது; தெரியாத எண் என்பதால் எடுத்துவிட்டார். ராஜ்வாடே சாரைப் பார்த்தேன் என்று சொன்னேன்.

“எழுத்துல ஏதாவது குடுத்தியா?” என்று கேட்டார்.

“இல்ல, மேடம்.”

அவர் மூச்சு விடுவது கேட்டது. திட்ட வேண்டும் என்று லேபிலிருந்து நடந்து வரும்போதே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

“அந்த லெட்டருக்கு ஏன் மேடம் என்னைக் கேட்டீங்க? முப்பத்தோரு பேர் இருந்தோமே.”

அவர் கோபப்படவில்லை. பழைய குரலிலேயே, காபி கொடுக்கும்போது பேசுகிற அதே குரலிலேயே பதில் சொன்னார்.

“வேற யாரைக் கேப்பேன், சொல்லு. ஜெயந்தைக் கேட்டா மறுநாளே அவன் அப்பா வந்து நிப்பார். ஒவ்வொருத்தருக்கும் அப்படி யாராவது இருக்கா. உனக்காக வந்து கேக்கறதுக்கு யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும்டி.”

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அப்பா வருகிறேன் என்றுதான் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன் என்று மேடத்திடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.